ஜுர வலிப்பும் இரும்புச் சாவியும்

மழைக் காலம் தொடங்கிவிட்டால், குழந்தைகள் உள்ள வீடுகளில் ஜலதோஷம் அழையா விருந்தாளியைப் போல் வந்து சேருகிறது. முதல் நாள் மூக்கு ஒழுகும், மறுநாள் இருமல், அன்று மாலையே உடம்பு சுடும். இதற்கெல்லாம் நம் தாய்மார்கள் கலங்குவதில்லை. கஷாயம் வைப்பதும், காதில் காற்றுப் படாமல் துணி கட்டுவதும் அவர்களுக்குக் கைவந்த காரியங்கள். ஆனால் அந்த ஜுரத்தின் நடுவே குழந்தையின் கண்கள் மேலே செருகிக் கொள்ள, கை கால்கள் வெட்டி வெட்டி இழுக்க, உதடு நீலம் பாரிக்க, கூப்பிட்ட குரலுக்கு ஏனென்று கேளாமல் அது கிடக்குமானால், எப்பேர்ப்பட்ட தைரியசாலியும் நிலைகுலைந்து போவார். குழந்தை கையை விட்டுப் போய்விட்டது என்றே பெற்றோர் பலர் அந்தக் கணத்தில் எண்ணிவிடுகிறார்கள்.

அந்தக் கணத்தைப் பற்றியும், அதற்கு அடுத்த ஐந்து நிமிஷங்களைப் பற்றியுமே இந்த வாரம் எழுத விரும்புகிறோம். காரணம் இதுதான்: சாதாரண ஜுர வலிப்பில், வலிப்பினால் குழந்தைக்கு நேரும் தீங்கு மிகமிகக் குறைவு. அதைச் சூழ்ந்து நிற்கும் அன்பான கைகள் பதற்றத்தில் செய்யும் காரியங்களினால் நேரும் தீங்கோ அப்படி அலட்சியம் செய்யத் தக்கதன்று.

முதலில் இந்த நோய் இன்னதென்று அறிந்து கொள்வோம். நாட்டுப்புறத்தில் இதை ஜன்னி என்பார்கள், இழுப்பு என்பார்கள், மாந்தம் என்பவர்களும் உண்டு. டாக்டர்கள் ஜுர வலிப்பு என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஆறு மாதம் நிறைந்ததிலிருந்து ஐந்து வயது வரையில் உள்ள குழந்தைகளுக்கே பெரும்பாலும் இது வருகிறது. ஒன்றரை வயதை ஒட்டிய காலத்தில் மிகுதி. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நூறு குழந்தைகளில் 2 முதல் 5 பேருக்கு ஒரு முறையேனும் வருவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஜப்பானில் அது 6 முதல் 9 வரை இருக்கிறது. ஆகவே இது ஏதோ நம் வீட்டுக்கு மட்டும் வந்த சாபக்கேடு அன்று. புதிய நோயும் அன்று. ஹிப்போக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் பழைய கிரேக்க வைத்திய நூல்களிலேயே, கடுமையான ஜுரத்தின்போது ஏழு வயது வரையுள்ள சிறுவர்களுக்கு வலிப்பு வருவதுண்டு என்றும், பெரியவர்களுக்கு அவ்வளவு எளிதில் வருவதில்லை என்றும் சொல்லியிருக்கிறது.

“ஜுரம் மூளைக்கு ஏறிவிட்டது” என்று நம் பெரியவர்கள் சொல்வது வழக்கம். அதைக் கேட்டதும், நோய்க் கிருமியே மூளைக்குள் புகுந்துவிட்டது என்று பெற்றோர் நடுங்குகிறார்கள். சாதாரண ஜுர வலிப்பில் நடப்பது அதுவன்று. இன்புளுயன்ஸா, அடினோ வைரஸ், பாரா இன்புளுயன்ஸா, ஆர்.எஸ்.வி. முதலிய வைரஸ்கள் மூக்கிலும் தொண்டையிலும் மூச்சுக் குழாயிலும் குடி புகுகின்றன. 2020-ம் வருஷம் முதல் உலகத்தையே ஆட்டி வைத்த கொரோனா வைரஸையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துக் கொள்ள வேண்டும். அவற்றை எதிர்த்துப் போராடுவதற்காக உடம்பு சில இரசாயனப் பொருள்களைச் சுரந்து இரத்தத்தில் அனுப்புகிறது. ஜுரத்தை உண்டாக்குபவையே அவைதாம். வளர்ந்துகொண்டிருக்கும் இளம் மூளையின் நரம்பணுக்கள் அந்தச் சூட்டையும் அந்த இரசாயனத்தையும் ஒருங்கே தாங்க மாட்டாமல் சிறிது நேரம் தாறுமாறாகத் துடிக்கின்றன. அந்தத் துடிப்பே நாம் வெளியில் காணும் வலிப்பு. போர் நடப்பது தொண்டையில்; அதிர்ச்சி மட்டும் மூளையில். தகப்பனுக்கோ தாய்க்கோ, உடன்பிறந்த குழந்தைக்கோ இந்த வலிப்பு வந்திருந்தால், மற்றொரு குழந்தைக்கும் வருவதற்கு இடம் அதிகம். எனவே பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு.

இங்கே ஒரு விசித்திரத்தைச் சொல்ல வேண்டும். பல வீடுகளில் வலிப்பு வந்த பிறகுதான் குழந்தைக்கு ஜுரம் இருப்பதே தெரிய வருகிறது. ஆகையால், “பக்கத்தில் இருந்தும் கவனிக்காமல் விட்டுவிட்டாயே!” என்று தாயைக் கடிந்து கொள்பவர்கள் தங்கள் நாவை அடக்கிக் கொள்வது நலம். கவனித்துக் கொண்டே இருந்தாலும் வருவது வரத்தான் செய்யும்.

இனி, இரும்புச் சாவிக்கு வருவோம். வீட்டில் ஒரு குழந்தைக்கு வலிப்பு வருகிறது. ஒருவர் ஓடிவந்து சாவிக் கொத்தைக் கையில் திணிக்கிறார். மற்றொருவர் வெங்காயத்தை நசுக்கி மூக்கில் பிடிக்கிறார். மூன்றாமவர் முகத்தில் ஜலத்தை வாரி இறைக்கிறார். வலிப்பு நின்றுவிடுகிறது. “பார்த்தீர்களா, இரும்பைக் கண்டதும் ஓடிவிட்டது!” என்று சாவிக்குப் புகழ் சேருகிறது. உண்மை என்னவென்றால், ஜுர வலிப்புகளில் பெரும்பாலானவை இரண்டு மூன்று நிமிஷங்களில் தாமாகவே நின்றுவிடும் சுபாவம் உள்ளவை. சாவியைத் தேடி எடுத்து வருவதற்கே அவ்வளவு நேரம் ஆகிவிடுகிறது. அந்தச் சமயத்தில் சாவிக்குப் பதிலாகச் செருப்பைக் கொடுத்திருந்தாலும் நின்றுதான் இருக்கும். தலைமுறை தலைமுறையாக இந்தச் சாவி பெற்று வரும் நற்சாட்சிப் பத்திரங்களுக்கு இதுவே மூலம்.

சாவியோடு நின்றால் நாம் இவ்வளவு எழுதத் தேவையில்லை. அது குழந்தையின் கையில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் கரண்டிக் காம்பையும் விரலையும் பற்களுக்கிடையே நுழைக்கிறார்களே, அதை விட முடியாது. நாக்கை விழுங்கிவிடும் என்ற பயமே அதற்குக் காரணம். மனிதனால் தன் நாக்கை விழுங்க முடியாது. கரண்டியினால் பல் உடைகிறது, ஈறு கிழிகிறது. உடைந்த பல் மூச்சுக் குழாயில் போய் அடைக்கவும் கூடும். விரலை விட்டவருக்கோ கடி நிச்சயம். பிரக்ஞை இல்லாத குழந்தையின் வாயில் தண்ணீரையும் பாலையும் மருந்தையும் புகட்டுவது அதைவிடக் கொடியது. விழுங்கும் சக்தி இல்லாத அந்த நேரத்தில் ஊற்றியது வயிற்றுக்குப் போவதில்லை, நுரையீரலுக்குப் போகிறது. கை கால்களை அமுக்கிப் பிடிப்பதால் வலிப்பு நிற்பதில்லை. குழந்தைக்கு அடிபடுவதுதான் மிச்சம். பனிக்கட்டித் தண்ணீரில் குழந்தையை முக்குவதும் கூடாது.

எல்லாவற்றிலும் கொடுமையானது சூடு போடுவது. பழுக்கக் காய்ச்சிய கம்பியினால் பச்சைக் குழந்தையின் வயிற்றிலும் நெற்றியிலும் இழுக்கும் இந்த வழக்கம், நம் நாட்டின் சில பகுதிகளில் இன்னும் மறையவில்லை. இதற்கும் சாவியின் கதைதான். வலிப்பு தானாக நிற்கிறது. கம்பிக்குப் பெயர் வருகிறது. சாவி எடுத்த பெயரால் குழந்தைக்கு நஷ்டம் இல்லை. கம்பி எடுத்த பெயரின் தழும்பையோ அது ஆயுள் முழுதும் சுமக்க வேண்டியிருக்கிறது.

படிப்பில்லாதவர்கள் மட்டுமே இந்தத் தவறைச் செய்கிறார்கள் என்று நேயர்கள் நினைத்துவிடக் கூடாது. ‘ஏதாவது செய்தே தீர வேண்டும்’ என்ற பதற்றத்திற்குப் படித்த டாக்டர்களும் ஒரு காலத்தில் ஆளாகியிருந்தார்கள். ஒரு முறை ஜுர வலிப்பு வந்த குழந்தைக்கு, மறுபடி வராமல் இருப்பதற்காக பீனோபார்பிடோன் என்ற மருந்தை வருஷக் கணக்கில் தினந்தோறும் கொடுத்து வந்தார்கள். 1990-ம் வருஷத்தில் அமெரிக்காவில் 217 குழந்தைகளை வைத்து நடத்திய பரிசோதனையின் முடிவு வெளியாயிற்று. இரண்டு வருஷத்துக்குப் பிறகு பார்த்தபோது, அந்த மருந்துக்கென்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளின் அறிவுத் திறன் அளவு மற்றவர்களைக் காட்டிலும் சராசரி 8.4 புள்ளி குறைந்திருந்தது. வலிப்பையாவது தடுத்ததா என்றால், குறிப்பிடத்தக்க விதத்தில் அதையும் தடுக்கவில்லை! 2008-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், சாதாரண ஜுர வலிப்புக்காக வலிப்பு மருந்துகளைத் தினந்தோறும் கொடுப்பதும் வேண்டாம், ஜுரம் வரும்போது மட்டும் கொடுப்பதும் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. நெடுநேரம் வலிப்பு வரும் சில குழந்தைகளுக்கு மட்டும், வீட்டிலேயே மூக்கில் தெளிக்கக்கூடிய மருந்தை டாக்டர் எழுதிக் கொடுப்பதுண்டு. அது அவர் பார்த்துத் தீர்மானிக்க வேண்டிய விஷயம்.

ஜுர மருந்தாவது வலிப்பைத் தடுக்குமா? தடுக்கும் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். பின்லாந்து தேசத்தில் முதல் முறையாக ஜுர வலிப்பு கண்ட 231 குழந்தைகளை இரண்டு வருஷம் தொடர்ந்து கவனித்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். ஜுரத்தைத் தணிக்கும் மருந்துகளை முறையாகக் கொடுத்த குழந்தைகளுக்கும், வெறும் போலி மருந்து கொடுத்த குழந்தைகளுக்கும் வலிப்பு மீண்டும் வருவதில் வித்தியாசம் காணப்படவில்லை. ஆகவே பாராஸிடமால் கொடுப்பது குழந்தையின் உடம்பு வலி தீர்ந்து அது சற்று நிம்மதியாக உறங்குவதற்காகத்தான். இரவெல்லாம் கண் விழித்து, மணிக்கு ஒரு தரம் மருந்து புகட்டி வலிப்பை விரட்டிவிடலாம் என்று எந்தத் தாயும் தன்னை வருத்திக் கொள்ள வேண்டாம். அப்படிக் கொடுத்தால் அளவு மீறிக் கல்லீரல் கெடும். பாராஸிடமால் மருந்து 5 மில்லி லிட்டருக்கு 120 அல்லது 125 மில்லி கிராம் உள்ளதாகவும், 250 மில்லி கிராம் உள்ளதாகவும் கடைகளில் விற்கிறது. பெயரைப் பார்த்தால் போதாது. சீசாவின் மேல் உள்ள அளவையும் பார்க்க வேண்டும். சமையலறைக் கரண்டியை விட்டுவிட்டு, சீசாவுடன் வரும் அளவுக் குப்பியில், குழந்தையின் எடைக்கு ஏற்ப டாக்டர் சொன்ன அளவைக் கொடுக்க வேண்டும். ஆஸ்பிரின் மட்டும் டாக்டர் சொல்லாமல் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. இன்புளுயன்ஸாவிலும் அம்மையிலும் ஆஸ்பிரின் கொடுத்த குழந்தைகளுக்கு மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய் என்ற பெரும் அபாயம் நேரக் கூடும்.

இவ்வளவு ஆறுதல் சொன்ன நாம், எச்சரிக்கையையும் சொல்லாமல் விட்டால் கடமை தவறியவர்கள் ஆவோம். ஜுரத்தோடு வரும் வலிப்பெல்லாம் சாதாரண ஜுர வலிப்பு ஆகிவிடாது. மூளைச் சவ்வைத் தாக்கும் மெனிஞ்சைட்டிஸ் நோயும், மூளையையே தாக்கும் என்சபலைட்டிஸ் நோயும் இதே வேஷத்தில் வரும். இன்புளுயன்ஸா வைரஸே, அபூர்வமாக, மூளையை நேராகப் பாழாக்குவதும் உண்டு. ஆகையால் முதல் முறை வலிப்பு வந்த குழந்தையை, அது தெளிந்து சிரித்து விளையாடினாலும், அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

கீழ்க்கண்ட குறிகளில் ஒன்று தென்பட்டாலும் ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது. வலிப்பு ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தல், உடம்பின் ஒரு பக்கம் மட்டும் இழுத்தல், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மறுபடியும் வருதல், வலிப்பு நின்று வெகு நேரமாகியும் குழந்தை தாயை அடையாளம் கண்டு கொள்ளாமல் மயங்கிக் கிடத்தல், ஓயாத வாந்தி, கழுத்து விறைத்தல், கைக்குழந்தையின் உச்சிக் குழி புடைத்தல், உடம்பில் அழுத்தினாலும் மறையாத செந்நீலப் புள்ளிகள், மூச்சு விடத் திணறுதல். இவை எல்லாம் உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும் என்பதற்கு அறிகுறிகள்.

ஆறு மாதம் நிறையாத சிசுவுக்கு வலிப்பு வந்தால், வேறு எந்தக் குறியும் வேண்டாம். அதுவே அபாயக் குறி. அவ்வளவு சிறிய குழந்தைக்கு இருமலும் மூச்சிரைப்பும் கண்ட சமயத்தில் பிராணவாயு குறைவதாலும், இரத்தத்தில் உப்புச் சத்தோ சர்க்கரையோ தாழ்ந்து போவதாலும் வலிப்பு வரலாம். தாய்ப்பால் குடிக்கும் அந்த வயதில், “தொண்டை வறளுமே” என்று வெறும் தண்ணீரை நிறையப் புகட்டினால் இரத்தத்தின் உப்பு கரைந்து, அதனாலேயே வலிப்பு வந்துவிடுவதும் உண்டு. அந்த வயதுக்குத் தாய்ப்பாலே தண்ணீரும் உணவும் ஆகும்.

மெனிஞ்சைட்டிஸைப் பற்றிச் சொல்லும்போது நம் நாடு பெருமைப்படக்கூடிய ஒரு காரியத்தையும் நினைவு கூரலாம். அந்நோய்க்குக் காரணமான கிருமிகளில் ஒன்றைத் தடுக்கும் மருந்தை அடக்கிய ஐந்து நோய்த் தடுப்பு ஊசியை, 2011 டிசம்பரில் இந்திய சர்க்கார் முதன்முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலுந்தான் இலவசமாகப் போடத் தொடங்கியது. குழந்தைக்குப் போட வேண்டிய ஊசிகளை உரிய காலத்தில் போட்டிருக்கிறது என்பது, ஜுர வலிப்புக் கண்ட இரவில் பெற்றோருக்கும் டாக்டருக்கும் பெரிய பலம். “ஊசி போட்டதும் ஜுரம் வந்ததே, அதனால் வலிப்பும் வருமோ?” என்று அஞ்சி ஊசியை நிறுத்துவது, குடையில் ஓட்டை என்று மழையில் நனைவதற்குச் சமானம்.

இனி எதிர்காலத்தைப் பற்றிய கவலை. மறுபடியும் வருமா? மூன்று குழந்தைகளில் ஒன்றுக்கு வரும். ஒரு வயதுக்குள் முதல் வலிப்பு கண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வரும். புத்தி மழுங்குமா? அமெரிக்காவில் 1978-ல் வெளியான ஆராய்ச்சியில், ஜுர வலிப்பு கண்ட 431 குழந்தைகளை அவர்களுடைய சொந்த சகோதர சகோதரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முன்பே குறை ஏதும் இல்லாமல் வளர்ந்து வந்த குழந்தைகளின் அறிவில் எவ்வித வித்தியாசமும் இல்லை. பிற்காலத்தில் காக்கை வலிப்பு ஆகிவிடுமா? 1976-ல் அதே ஆராய்ச்சியாளர்கள் 1,706 குழந்தைகளை ஏழு வயது வரையில் தொடர்ந்து கவனித்த விவரத்தை வெளியிட்டார்கள். ஜுர வலிப்பே வராத குழந்தைகளில் ஆயிரத்தில் 5 பேருக்குக் காக்கை வலிப்பு வந்திருந்தது. சாதாரண ஜுர வலிப்பு வந்து, மற்றபடி ஆரோக்கியமாயிருந்தவர்களில் ஆயிரத்தில் 11 பேருக்கு வந்திருந்தது. கொஞ்சம் அதிகந்தான், மறைப்பானேன்? ஆனால் மீதி 989 பேருக்கு வரவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அந்த 989 பேரில் பெண் குழந்தைகளை எண்ணியே இதை எழுதுகிறோம். இரண்டு வயதில், ஜலதோஷ ஜுரத்தில், இரண்டு நிமிஷம் வந்து போன வலிப்பு, இருபது வருஷத்துக்குப் பிறகு கலியாணப் பேச்சில் வந்து உட்கார்ந்து கொள்ளுகிறது. “அந்தப் பெண்ணுக்கு வலிப்பு உண்டாமே!” என்று யாரோ காதில் ஓத, நிச்சயதார்த்தம் நின்று போகிறது. ஜுர வலிப்பு வேறு, காக்கை வலிப்பு வேறு. காக்கை வலிப்பே இருந்தாலுந்தான் என்ன? அதுவும் மருந்தினால் பெரும்பாலோருக்குக் கட்டுப்படும் ஒரு நோய்தானே? நமது சட்டமே இந்த விஷயத்தில் ஒரு சமயம் தவறான பாதையில் சென்றது. 1976-ல் ஹிந்து விவாகச் சட்டத்தைத் திருத்தியபோது, அடிக்கடி வரும் காக்கை வலிப்பைப் பைத்தியத்தோடு சேர்த்து, கலியாணத்துக்குத் தடையாக எழுதி வைத்தார்கள். 1999-ல் பார்லிமெண்டு அந்த வார்த்தையை அடித்துவிட்டது. சட்டப் புத்தகத்திலிருந்து அடித்தாகிவிட்டது. வீட்டுத் திண்ணையிலிருந்தும் அடிக்க வேண்டியது நம் பொறுப்பு. குழந்தைக்கு ஜுர வலிப்பு வந்ததை ஒளித்து வைக்கவும் வேண்டாம், நோயாளி என்று முத்திரை குத்தவும் வேண்டாம். டாக்டரிடம் மட்டும் தவறாமல் சொல்லி, குறிப்புப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வைத்துக் கொண்டால் போதும்.

கடைசியாக, வலிப்பு வந்த அந்த நேரத்தில் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறோம். இப்பகுதியைக் கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டி வைத்தாலும் குற்றமில்லை.

தாய் குழந்தையை மடியிலிருந்து இறக்கித் தரையில், மெத்தென்ற துணியின் மேல், ஒருக்களித்துப் படுக்க வைக்கட்டும். வாயில் வரும் எச்சிலும் வாந்தியும் அப்போதுதான் வெளியே வடியும். கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டு, தலைக்கு அருகில் உள்ள மரச் சாமான்களை நகர்த்திவிட வேண்டும். கையைப் பிடிக்க வேண்டாம். வாயில் ஒன்றும் வைக்க வேண்டாம். தகப்பனார் கூடத்தில் கூடியிருக்கும் அண்டை வீட்டுக்காரர்களைச் சற்று வெளியே நிற்கச் சொல்லி, காற்றுக்கு வழி விடட்டும். எந்தப் பக்கம் இழுக்கிறது, கண் எங்கே போகிறது என்று கவனித்துக் கொள்ளட்டும். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். கையில் டெலிபோன் இருந்தால் வலிப்பைப் படம் பிடித்து வைத்துக் கொள்வதும் மிகவும் உபயோகம். ஐந்து நிமிஷம் ஆகியும் நிற்கவில்லை என்றால் 108-க்குத் தகவல் சொல்லி வண்டியை வரவழைக்க வேண்டும். உதட்டு நீலம் மறையாவிட்டாலும், மூச்சு சரியாக வரவில்லை என்று தோன்றினாலும், ஐந்து நிமிஷம் என்று காத்திராமல் உடனே வரவழைக்க வேண்டும். நின்றுவிட்டால், குழந்தை நன்றாக விழித்துப் பேசுகிற வரையில் பாலோ மருந்தோ கொடுக்காமல் அப்படியே ஒருக்களித்துத் தூங்க விட வேண்டும்.

பாட்டிக்கு வேலை இல்லையா? இருக்கிறது, எல்லாவற்றிலும் முக்கியமான வேலை அதுதான். பயத்தில் ஒரு நிமிஷம் பத்து நிமிஷமாகத் தோன்றும். எனவே வலிப்பு தொடங்கிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் பார்த்துச் சொல்ல, நிதானமான ஒருவர் வேண்டும். அடுத்த முறை சாவிக் கொத்தை ஆணியிலேயே விட்டுவிட்டு, பாட்டியின் கையில் கடிகாரத்தைக் கொடுங்கள்.